சகுனமும் சிட்டுக்குருவியும்

வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்
வாசகங்கள்: இணைச்சட்டம் 18:9-14, லூக்கா 2:22-40



ஒரு நல்ல காரியத்துக்குக் கிளம்பி வாசலைத் தாண்டும்போது யாராவது "எங்கே போறீங்க?" என்று கேட்டுவிட்டால் நமக்கு முகம் சுருங்குகிறது. திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுகிறோம். பூனை குறுக்கே போனாலும் அப்படித்தான், ஒற்றைத் தும்மல் கேட்டாலும் அப்படித்தான். எங்கள் வேப்பந்தட்டைப் பக்கம் சின்ன வெங்காயம் ஊன்றப் போகிறவரும், மக்காச்சோள விதை வாங்கப் போகிறவரும், ஆத்தூர் பஸ்சுக்கு நிற்கிறவரும் இதற்கு விலக்கு இல்லை. ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வருகிற நாமும் விலக்கு இல்லை. இன்று இந்தச் 'சகுனம்' என்ற சொல்லையே கையில் எடுத்துப் பார்ப்போம். ஒரு சொல் எங்கே பிறந்தது என்று தெரிந்தால், அது நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதும் தெரியும்.

நம் திருச்சபையின் பழைய வழிபாட்டு மொழியாகிய இலத்தீனில் சகுனத்துக்குப் பல சொற்கள் உண்டு. அவற்றில் ஒன்று 'அவுஸ்பிச்சியும்'. 'அவிஸ்' என்றால் பறவை. அதோடு 'பார்த்தல்' என்ற பொருள் தரும் சொல் சேர்ந்து, 'பறவை பார்த்தல்' என்று ஆகிறது. ஆங்கிலத்தில் நல்ல நேரத்தை 'ஆஸ்பிஷஸ்' என்கிறார்களே, அது இந்தச் சொல்லின் பிள்ளை. பறவை பார்த்துப் பலன் சொல்லும் அரசு அதிகாரிக்கு உரோமையில் 'அவுகூர்' என்று பெயர். இன்று ஒரு கடையையோ கட்டடத்தையோ திறந்தால் 'இனாகுரேஷன்' என்கிறோம். அந்தச் சொல்லுக்குள்ளேயும் அந்தப் பழைய பறவைக் குறிகாரர் உட்கார்ந்திருக்கிறார்.

உரோமையர்கள் மட்டும்தானா இப்படி? வடமொழியில் 'சகுனம்' என்பதற்கும் முதற்பொருள் பறவைதான். மகாபாரதத்துச் சகுனியின் பெயரும் பறவைப் பெயரே. நம் பழந்தமிழில் சகுனத்துக்குப் 'புள்' என்று பெயர். புள் என்றாலும் பறவை. நாளும் புள்ளும் பார்ப்பதைத் தொல்காப்பியமே பேசுகிறது. இத்தாலியிலும் வடநாட்டிலும் தமிழ்நாட்டிலும் மனிதன் அண்ணாந்து பார்த்தான், பறவை பறந்தது, என் நாளை எனக்கு இது சொல்லிவிட்டது என்று நினைத்தான்.

ஆனால் அந்தப் பறவை எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. இடப்பக்கம் தோன்றும் குறியை உரோமை அவுகூர்கள் நல்லது என்றார்கள். கிரேக்கர்களோ வலப்பக்கம்தான் நல்லது, இடப்பக்கம் கெட்டது என்றார்கள். பறவைக்கு வலமும் தெரியாது, இடமும் தெரியாது. அது இரை தேடிப் போகிறது, அவ்வளவுதான்.

போருக்குப் போகும் உரோமைப் படை கூண்டில் கோழிகளையும் கொண்டுபோகும். தீனி போட்டதும் கோழி ஆவலாய்க் கொத்தி, அலகிலிருந்து கொஞ்சம் கீழே சிந்தினால் வெற்றி என்று பொருள். சிசரோ என்ற புகழ்பெற்ற பேச்சாளர் தாமே அவுகூர் பதவியில் இருந்தவர். கிறிஸ்து பிறப்பதற்கு 44 ஆண்டுகளுக்கு முன், குறி பார்ப்பதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். கூண்டில் அடைத்துப் பட்டினி போட்ட கோழி தீனியைக் கண்டால் பாயாமல் என்ன செய்யும், இதில் தெய்வ வாக்கு எங்கே இருக்கிறது என்று அதில் கேட்டார். நம் பெரியவர்களும் இப்படிச் சிரித்தவர்கள்தான். ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி, தான் போய்க் கழுநீர்ப் பானையில் துள்ளி விழும் என்ற பழமொழி நம் வீட்டுப் பழமொழிதானே!

சகுனத்துக்கு இன்னொரு இலத்தீன் சொல் 'ஓமென்'. இது கண்ணால் காண்பதைவிட, பெரும்பாலும் காதில் விழும் சொல்லைக் குறித்தது. வர்ரோ என்ற பழைய உரோமை அறிஞர், 'வாய்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து இது வந்தது என்றார். கிராசுஸ் என்ற தளபதி படையோடு கப்பல் ஏறும்போது துறைமுகத்தில் ஒருவன் 'கௌனேயாஸ்' என்று கூவி அத்திப்பழம் விற்றானாம். கௌனுஸ் என்ற ஊரிலிருந்து வந்த பழம் என்று பொருள். 'போகாதே, எச்சரிக்கை' என்ற இலத்தீன் சொற்றொடரும் கிட்டத்தட்ட அதே ஓசையில்தான் ஒலிக்கும். கிராசுஸ் போனார், போரில் மாண்டார். உடனே பழக்காரன் கூவியது தீக்குறி ஆகிவிட்டது! இதற்கெல்லாம் காது கொடுத்தால் கால் இடறுவதையும் செருப்பு வார் அறுவதையும் தும்மலையும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்றார் சிசரோ.

இதையே தமிழர்கள் 'விரிச்சி' என்றார்கள். முல்லைப்பாட்டில் வயதான பெண்கள் நெல்லும் முல்லைப் பூவும் தூவி வழிபட்டு, நற்சொல்லுக்காகக் காத்து நிற்கிறார்கள். தாயைத் தேடும் கன்றைப் பார்த்து ஓர் இடைக்குலப் பெண், உன் தாய் இதோ வந்துவிடும் என்று ஆறுதல் சொல்கிறாள். போருக்குப் போன தலைவனும் அப்படியே வந்துவிடுவான் என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பிரிந்திருக்கும் ஒரு பெண்ணின் துயரத்தை ஆற்ற வேண்டும் என்ற தவிப்பு அதில் தெரிகிறது. அன்பானவர்களே, சகுனம் பார்க்கிறவரை நாம் ஏளனம் செய்ய வேண்டாம். மழை வருமா, வெங்காயத்துக்கு விலை கிடைக்குமா, வெளிநாட்டில் இருக்கும் மகன் நன்றாக இருக்கிறானா என்று தெரியாதவர்கள்தானே நாம் எல்லாரும்? அச்சம் இருக்கும் இடத்தில் சகுனம் குடியேறுகிறது.

அந்த அச்சத்துக்கு மருந்து எது? புறநானூற்றில் 124ஆம் பாடலில் கபிலர், மலையமான் திருமுடிக்காரியைப் பற்றி ஒன்று சொல்கிறார். நாள் சரியில்லாமல் போனாலும், புள் தடுத்தாலும், பேசத் தெரியாமல் பேசினாலும், அவனைப் பாடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பமாட்டார்கள் என்பது அதன் கருத்து. கொடுப்பவன் நல்லவனாக இருந்தால் சகுனத்துக்கு வேலை இல்லை! ஒரு குறுநில மன்னனைப் பற்றியே கபிலருக்கு இவ்வளவு நம்பிக்கை என்றால், விண்ணகத் தந்தையைப் பற்றி நமக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்க வேண்டும்?

சகுன பயம் ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதைத் தமிழிலும் இலத்தீனிலும் சொல்லிப்போனவர் நம் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவின் ஆலயத்தை எழுப்பிய வீரமாமுனிவர். இத்தாலியில் 1680இல் பிறந்த இந்த இயேசு சபைக் குரு, சதுரகராதியையும் தமிழ் – இலத்தீன் அகராதியையும் தந்தவர். அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதை நீங்கள் பள்ளியில் படித்ததுதான். தமிழில் எழுதி, பக்கத்திலேயே இலத்தீனிலும் எழுதி வைத்தார். நுனிக் கிளையில் உட்கார்ந்து அடியை வெட்டும் சீடனிடம், விழுந்துவிடுவாய் என்கிறார் வழியே வந்த ஒரு புரோகிதர். அவன் விழுகிறான். நடக்கப்போவதெல்லாம் இவருக்குத் தெரியும் என்று நம்பி, எங்கள் குரு எப்போது சாவார் என்று கேட்கிறான். ஆளை அனுப்பிவிடுவதற்காக அவர், உட்காரும் இடம் குளிர்ந்தால் உயிர் போகும் என்று எதையோ சொல்லிவைக்கிறார். பிறகு ஒரு நாள் குரு குதிரையிலிருந்து ஈரத்தில் விழ, உட்காரும் இடம் குளிர, நம் காலம் முடிந்தது என்று அவர் நடுங்குகிறார். அந்தப் பயத்தோடு சீடர்களின் மடத்தனமும் சேர, கதை அவருடைய சாவில் முடிகிறது. குளிர்ச்சி அவரைக் கொல்லவில்லை, பயம் கொன்றது. நாம் சிரிக்கிறோம். ராகுகாலம் கழியட்டும் என்று வலியோடு இருக்கும் நோயாளியை வீட்டிலேயே உட்கார வைக்கும்போது, அந்தக் கதைக்குள் நாமே நடந்துபோகிறோம் என்பது தெரிவதில்லை.

இன்றைய முதல் வாசகத்தில் குறிசொல்வோர், நிமித்தம் பார்ப்போர், மாயவித்தை செய்வோர் உங்கள் நடுவே இருக்கக் கூடாது என்று மோசே மக்களுக்குச் சொல்கிறார். இவை ஆண்டவருக்கு அருவருப்பு என்கிறார். விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோம் இந்த இடத்தில் பயன்படுத்திய சொல் 'அபோமினாரி' என்பதன் ஒரு வடிவம். அந்தச் சொல்லுக்குள் 'ஓமென்' இருக்கிறது, பாருங்கள். கெட்ட குறி ஒன்றைக் கண்டால் உரோமையர், இது விலகிப் போகட்டும் என்று தள்ளுவதற்கு அந்தச் சொல் பிறந்தது. யாராவது வாய் தவறி அபசகுனமாகப் பேசினால் நாம் "வாயைக் கழுவு" என்கிறோமே, அது போல. நாளடைவில் 'வெறுத்து ஒதுக்குதல்' என்ற பொருளுக்கு அது வந்தது. சகுனத்துக்குப் பயந்த மக்கள் உண்டாக்கிய சொல்லைக் கொண்டே, சகுனம் பார்ப்பதை ஆண்டவர் தள்ளிவிடுகிறார் என்று அந்த வாசகம் சொல்கிறது! நம் திருச்சபையின் மறைக்கல்வியும் எண் 2116இல் சோதிடம், கைரேகை, சகுனம் ஆகியவற்றை விலக்க வேண்டியவை என்றே கற்பிக்கிறது.

ஆண்டவர் ஏன் இதை இவ்வளவு கடுமையாக வெறுக்க வேண்டும்? பூனையைப் பார்த்துத் திரும்பி உட்காருவது ஒரு சின்ன மூடப்பழக்கம்தானே, அதில் யாருக்கு என்ன கெடுதல் என்று நீங்கள் கேட்கலாம். இதற்குப் புனித அகுஸ்தினாரிடம் பதில் இருக்கிறது. ஹிப்போ நகரின் ஆயராயிருந்த அவர், கிறிஸ்தவப் போதனை பற்றிய தமது நூலின் இரண்டாம் பகுதியில் அன்றைய மூடப்பழக்கங்களைப் பட்டியல் இடுகிறார். செருப்பு மாட்டும்போது தும்மினால் மறுபடி போய்ப் படுத்துக்கொள்வது அதில் ஒன்று. இரண்டு நண்பர்கள் சேர்ந்து நடக்கும்போது நடுவில் கல்லோ நாயோ குழந்தையோ வந்தால் நட்பு முறியும் என்று பயப்படுவது இன்னொன்று. கல்லானால் மிதிப்பார்களாம். நடுவே ஓடிய குழந்தையானால், ஒன்றும் அறியாத அந்தக் குழந்தையை அடிப்பார்களாம். அகுஸ்தினாரின் வேதனை அங்கேதான் இருக்கிறது. நாயை அடிக்கப் போனவர்களில் சிலர் கடிபட்டு, பரிகாரத்திலிருந்து நேரே உண்மையான மருத்துவரிடம் ஓடினார்கள் என்று வேடிக்கையாகவும் சொல்கிறார். நாய் திருப்பிக் கடிக்கும். குழந்தை என்ன செய்யும்?

பிரியமானவர்களே, சகுனம் பறவையோடு நிற்பதில்லை. ஒரு நாள் அது ஒரு மனிதர்மேல் வந்து உட்காருகிறது. அவர் திருப்பி அடிக்க முடியாதவராகவே இருப்பார். நம் ஊரில் அவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. கணவனை இழந்த பெண்.

கணவன் இறந்த அன்றைக்கே அவளுடைய துக்கத்தோடு இன்னொரு சுமையையும் ஏற்றி வைக்கிறோம். நேற்றுவரை சுமங்கலி, இன்றைக்கு அமங்கலி. எதிரே வந்தால் சகுனத்தடை. புறப்படுகிற ஆள் வாசலில் நின்று, அவள் தெருவைக் கடந்துபோகட்டும் என்று காத்திருக்கிறார். அதை அவளும் பார்க்கிறாள். கொஞ்ச நாளில் அவளே வழி விலகக் கற்றுக்கொள்கிறாள். வளைகாப்புக்கு வளையல் போட அழைப்பதில்லை. புதுவீட்டில் பால் காய்ச்சும்போது முன்னால் விடுவதில்லை. ஒற்றை ஆளாய்க் கூலி வேலை செய்து, பருத்தி எடுத்து, பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவள், அந்தப் பிள்ளையின் திருமணத்தில் தூண் மறைவில் நிற்கிறாள். தாலியைத் தட்டில் வைத்துப் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கும்போது, அந்தத் தட்டு அவளைத் தாண்டிப் போகிறது. இது நம் ஆலயத்தின் வாசலுக்கு உள்ளேயும் நடக்கிறது.

ஈரோடு மாவட்டத்தில் ஒரு கைம்பெண்ணைக் கிராமக் கோவில் விழாவுக்கு வரவிடாமல் தடுத்த வழக்கில், அப்படித் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் கூறியது. சட்டம் கோவில் கதவைத் திறக்கும். மனத்தின் கதவை யார் திறப்பது? நற்செய்திதான் திறக்க வேண்டும்.

இன்றைய நற்செய்தியைக் கவனியுங்கள். தலைப்பிள்ளையை முதன்முதலாகக் கோவிலுக்கு எடுத்துவரும் நாள். எந்தக் குடும்பத்துக்கும் அது மங்கல நாள். யாருடைய கண் படுமோ என்று நம் வீடுகளில் பொத்திப் பொத்தி வைப்போம். மரியாவும் யோசேப்பும் உள்ளே வருகிறார்கள். முதியவர் சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்துகிறார். அந்த நேரத்திலேயே அங்கே வந்து நிற்பவர் யார்? அன்னா. ஏழே ஆண்டுகள் கணவரோடு வாழ்ந்து, பிறகு கைம்பெண்ணாகி, எண்பத்து நான்கு வயது என்று லூக்கா கணக்கோடு எழுதும் முதியவர். மரியா பிள்ளையை முந்தானையால் மூடவில்லை. யோசேப்பு, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் அம்மா என்று சொல்லவில்லை. மீட்புக்காகக் காத்திருந்த எல்லாரிடமும் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசும் பேறு அந்தக் கைம்பெண்ணுக்குக் கிடைக்கிறது. லூக்கா அவருடைய குலத்தையும் சொல்கிறார், ஆசேர் குலம். ஆசேர் என்ற பெயருக்கு மகிழ்ச்சி, நற்பேறு என்று பொருள் என்பதைத் தொடக்கநூல் 30ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். ஊர் அமங்கலி என்று ஒதுக்கக்கூடிய பெண்ணை, நற்பேறு என்னும் குலத்துப் பெண் என்று நற்செய்தி அறிமுகப்படுத்துகிறது!

அந்தக் குழந்தை வளர்ந்த பிறகும் அப்படியே நடந்துகொண்டார். நயீன் ஊர் வாசலில், கணவனையும் ஒரே மகனையும் இழந்த பெண் பிணத்தின் பின்னால் எதிரே வருகிறாள். சகுனக் கணக்கில் இதைவிடக் கெட்ட எதிர்ப்பாடு உண்டா? இயேசு ஒதுங்கவில்லை. பரிவு கொண்டு கிட்டப் போனார், பாடையைத் தொட்டார். கோவில் காணிக்கைப் பெட்டியருகே உட்கார்ந்திருந்தபோது, இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணைத்தான் சீடர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டினார்.

அன்று மரியாவும் யோசேப்பும் காணிக்கையாகக் கொண்டுவந்தவை இரண்டு பறவைகள். ஆட்டுக்குட்டி வாங்க வசதி இல்லாத ஏழைகளின் காணிக்கை அது. பிற்காலத்தில் அவர்களுடைய மகன் மலைப்பொழிவில், வானத்துப் பறவைகளைக் கவனித்துப் பாருங்கள் என்றார். 'அவுஸ்பிச்சியும்' என்றால் பறவை பார்த்தல் என்று தொடக்கத்தில் பார்த்தோம். இயேசுவும் பறவையைப் பார்க்கத்தான் சொல்கிறார். ஆனால் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்கச் சொல்லவில்லை, யார் அதற்கு உணவு ஊட்டுகிறார் என்று பார்க்கச் சொல்கிறார். இரண்டு குருவி ஒரு காசுக்கு விற்கும். அதில் ஒன்றுகூடத் தந்தைக்குத் தெரியாமல் விழாது என்கிறார். பறவையில் எதிர்காலத்தைத் தேடுகிறவனுக்குப் பயம் கூடுகிறது. தந்தையின் பராமரிப்பைக் காண்கிறவனுக்கு மனம் நிறைகிறது.

அப்படியானால் ஞானிகள் விண்மீன் பார்க்கவில்லையா என்று சிலர் கேட்பார்கள். அந்த அடையாளம் அவர்களை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. நடக்க வைத்தது, குழந்தையிடம் கொண்டுசேர்த்தது. கடவுள் தரும் அடையாளம் நம்மை ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போகும். சகுனம் ஒருவரிடமிருந்து நம்மை ஒதுக்கி வைக்கும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செபத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பு, அனுப்பாவிட்டால் தீங்கு வரும் என்று கைப்பேசியில் வருகிறதே, அதில் புனிதர் படம் இருந்தாலும் அதுவும் சகுன பயம்தான். தயங்காமல் அழித்துவிடுங்கள்.

இந்த வாரம் ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அன்பியத்திலோ இருக்கும் கைம்பெண் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் நல்ல காரியத்துக்கு அவரை அழையுங்கள். பந்திக்கு மட்டும் அழைத்தால் போதாது, முன்வரிசைக்கு அழையுங்கள். வளைகாப்பில் அவர் கையால் ஒரு வளையல் போடச் சொல்லுங்கள். தேர்வுக்கோ வேலைக்கோ புறப்படும் பிள்ளையை அவர்முன் முழந்தாளிடச் செய்து, நெற்றியில் சிலுவை அடையாளம் போடச் சொல்லுங்கள். திருமணத்துக்கு ஆயத்தமாகும் இளைஞர்களே, தாலித் தட்டு உங்கள் தாயைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. உறவினர் முணுமுணுப்பார்கள். அந்த ஒரு நாள் நீங்கள் உறுதியாய் நின்றால், உங்களுக்குப் பின் வருகிற பத்து வீட்டுக்கு அது வழியாகும்.

கணவரை இழந்து இந்த ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும் அன்னையரே, சகோதரிகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் யாருக்கும் அபசகுனம் அல்ல. திருமுழுக்கில் உங்கள்மேல் ஊற்றிய நீரும் உறுதிபூசுதலில் பூசிய கிறிஸ்மா தைலமும் உங்கள் கணவரோடு அடக்கம் செய்யப்படவில்லை. தெருவில் வழி விலக வேண்டாம். நிமிர்ந்து வாருங்கள்.

செபிப்போமாக. வானத்துப் பறவைகளைப் பேணும் தந்தையே, நாளைய தினத்தைப் பற்றிய எங்கள் பயத்தை உம் கையில் வைக்கிறோம். உம் பிள்ளைகள் எவரையும் தீக்குறியாகப் பார்க்கும் கண்ணை எங்களிடமிருந்து எடுத்துவிடும். அன்னாவைப் போல் காத்திருக்கும் எல்லாப் பெண்களுக்கும் எங்கள் இல்லங்களில் முதலிடம் தரும் மனத்தைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.